எறும்புக்கடி

மருத்துவப் படகின் பின்னறை.
அலை அடித்தால் கட்டிலும் ஆடும்.
அதனால் நர்ஸ் வால்தெனிஸ்
கையுறை மாட்டுமுன் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள்,
பெரிய கப்பல் ஏதும் வருகிறதா என்று.
அமேசானில் அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் லுசிமார். பதிவேடு எழுதுகிறவள்.
கருவிகளைத் தொட எனக்கு அனுமதி கிடையாது.
கைகளைத் தொடலாம்.

இன்று பதினோராவதாக வந்தவள் ஒசினேய்டெ.
பள்ளிப் பிள்ளைகளைப் படகில் ஏற்றி இறக்குகிறவள்.
நான்கு வருடத்துக்கு முன் நகரத்தில் ஒரு டாக்டர்
"காப்பர் டி தானே, எறும்புக்கடி மாதிரி இருக்கும்" என்றாராம்.

எங்கள் காட்டில் ஓர் எறும்பு உண்டு.
அது கடித்தால்
ஆம்பிளைகள் மரத்தைக் கட்டிக்கொண்டு
விடியும்வரை அழுவார்கள்.

"அவர் பொய் சொல்லவில்லை" என்றாள் ஒசினேய்டெ.
"எந்த எறும்பு என்றுதான் சொல்லவில்லை."
பாதியில் எழுந்து வந்துவிட்டாள் அன்றைக்கு.
மறு வருடம் பிறந்தவன்
இப்போது படகின் முன்பக்கத்தில்
சமையல்காரரிடம் பிஸ்கட் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மரத்துப்போகச் செய்யும் ஊசி
அடுத்த சரக்கில் வரும் என்றார்கள்.
மூன்று சரக்கு வந்தது.
கையுறை இருந்தது. காலண்டர் இருந்தது.

ஆகவே கெட்டிலில் தண்ணீர்.
ரப்பர் பையில் ஊற்றி, துண்டில் சுற்றி
அவள் அடிவயிற்றில் வைக்கிறேன்.
"சுடுகிறதா?"
"இல்லை. இப்படியே இருக்கட்டும்."

வால்தெனிஸ் ஸ்டூலை இழுத்துப்போட்டு
முகத்துக்கு நேராக உட்கார்ந்து சொன்னாள்:
"மூன்று தடவை வலிக்கும்.
முதலாவது கிள்ளல்.
இரண்டாவது, பிரசவ வலிக்குத் தூரத்துச் சொந்தம்.
மூன்றாவது வந்த சுருக்கில் போய்விடும்.
நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன்."

"நான் வலித்தால் நிறுத்து நிறுத்து என்றுதான் கத்துவேன்,
பிள்ளைகளிடம் கத்திக் கத்திப் பழக்கம்."

"அப்படியென்றால் வேறு வார்த்தை வை."

யோசித்து, "நங்கூரம்" என்றாள்.

பிறகு என் வேலை. பேச்சு.
உன் வழியைச் சொல், எங்கிருந்து கிளம்புவாய்?

முதல் துறையில் இரட்டையர், ஒருத்திக்குச் செருப்பே இருக்காது,
அடுத்து பச்சை வீடு, நாய் நீந்தியே கூட வரும்,
அப்புறம் கால்வாய் குறுகும், விழுந்த மரம் ஒன்று —

"இருமு" என்றாள் வால்தெனிஸ்.
இருமினாள்.
கிள்ளல், இருமலுக்குள்ளேயே போய்விட்டது.

மரத்தைத் தாண்டி?

மரத்தைத் தாண்டினால் மணல்திட்டு.
தண்ணீர் வற்றும் நேரம் என்றால்
எஞ்சினைத் தூக்கிவிட்டுத் துடுப்பால்,
மெதுவாக, மெது —

என் மோதிரத்தைக் கழற்ற மறந்திருந்தேன்.
அவள் பிடித்த பிடியில் அது எலும்புவரை போயிற்று.

"நங்கூரம்."

எல்லாம் நின்றது.
வால்தெனிஸின் மணிக்கட்டு,
என் வாய்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
ஏதோ ஒரு படகு தொலைவில் போக
அதன் அலை தாமதமாக வந்து
எங்கள் மூவரையும் ஒருமுறை தூக்கி இறக்கியது.
யாரும் "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லவில்லை.
யாரும் "நல்ல பெண் இல்லையா" என்று சொல்லவில்லை.

அவளே சொன்னாள்:
"ம். தூக்கு. போகலாம்."

மணல்திட்டு, மூங்கில் பாலம், பள்ளிக்கூட மணி.
நூலை வெட்டும் கத்தரியின் சத்தம்
மணிக்குப் பிறகு கேட்டது.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு,
வலி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்.
"ஏழு" என்றாள்.
ஏழு என்று எழுதினேன். குறைத்து எழுதச் சொல்லித்தான் மேலிடம்,
சூடும் பேச்சும் போதுமென்று அறிக்கை அழகாக இருக்குமாம்.
குறிப்புக் கட்டத்தில், இன்று பதினோராம் முறையாக:
ஊசி மருந்து அனுப்பவும்.

ஒரு மணிக்குப் பள்ளி விடும்.
ரப்பர் பையை இடுப்பில் துண்டோடு கட்டிக்கொண்டு
பையனைத் தூக்கித் தன் படகில் போட்டாள்.
"வியாழக்கிழமை திருப்பித் தருகிறேன்" என்று
எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

பன்னிரண்டாவது ஆள் வாசலில் நிற்கிறாள்.
எங்களிடம் இருந்தது அந்த ஒரு பைதான்.
காலி பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று
சமையலறையில் தேடுகிறேன்,
மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டபடி.